மிக்ஸிக்கு இன்னும் ஐந்நூறு பாயிண்ட்

"இந்தப் பூனை எப்பங்க போவும்?" என்று கேட்டாள் பங்கஜவல்லி.

"வர்ற புதன்கிழமையோட ஒரு மாசம் ஆவுது. அதுவரைக்கும் இருக்கட்டும்," என்றார் சுவாமிநாதன்.

பூனை அடுப்பு மேடையில் பால் குண்டானுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தது. தனக்கு ஆதரவாகப் பேசியவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் பாலின் பக்கம் திரும்பிக்கொண்டது.

சுவாமிநாதனுக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. தும்மல் வரும். இருந்தும் அவரே அதைக் கூடையில் வைத்து நெரவியிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம், இன்டர்நெட்டில் ஒரு கருத்துக் கணிப்பு. 'உங்கள் வீட்டில் ஒரு மாதமாகச் செல்லப்பிராணி இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்கள். 'ஆம்' என்று போட்டால் மேலே இருபது கேள்வி. முடித்தால் நாற்பது பாயிண்ட். 'இல்லை' என்று போட்டால், 'மன்னிக்கவும், தாங்கள் இந்தக் கணிப்புக்குத் தகுதி பெறவில்லை' என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போட்டிருப்பார்கள். சுவாமிநாதனால் முடியாது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் காகிதத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் திரையும் அவருக்குக் காகிதம்தான். உள்ளதை மட்டுமே எழுதுவார். அப்படி எழுத முடியாமல் போனால், எழுத வேண்டியதை முதலில் உள்ளதாக ஆக்கிவிட்டு அப்புறம் எழுதுவார்.

இப்படித்தான் ஷாம்பூக் கணிப்புக்காகத் தன் வழுக்கைத் தலைக்கு மூன்று வாரம் மூன்று விதமான ஷாம்பூ போட்டார். பிஸ்கட் கணிப்புக்காக, வீட்டில் யார் எத்தனை பிஸ்கட் சாப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். "சாயந்தரம் ரெண்டு எடுத்தியே, ஏன் எழுதல?" என்று கேட்ட அன்றோடு பங்கஜவல்லி பிஸ்கட் தின்பதையே விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒரு மிக்ஸிக்காக. தை மாதம் வீட்டு மிக்ஸி புகை விட்டு ஓய்ந்தபோது, கடைக்குப் போய் ஒன்று வாங்கியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கருத்துச் சொல்கிறவர்களுக்குப் பரிசு தரும் ஓர் இணையதளம் பற்றி மகள் சுகிர்தா சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள். ஐயாயிரம் பாயிண்ட் சேர்த்தால் மிக்ஸி.

"நான் சம்பாதிச்சுத் தர்றேன் பாரு," என்றார் சுவாமிநாதன்.

"சம்பளமும் நீங்க சம்பாதிக்கிறதுதானேங்க?" என்றாள் பங்கஜவல்லி.

"அது கவர்மென்ட் குடுக்கிறது. இது என் கருத்துக்குக் கிடைக்கிறது."

விஷயம் அதுதான். ஆபீசில் மேலதிகாரியும் வீட்டில் பங்கஜவல்லியும் அவருடைய கருத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உலகத்தில் எங்கோ ஒரு கம்பெனி, 'உங்கள் மேலான கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று சொன்னதும் மனிதர் உருகிப்போனார். சுகிர்தா எம்.சி.ஏ. படித்துவிட்டுக் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறவள். அவளே அப்பாவுக்கு ஈமெயில் திறந்து கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டதும் மன்சூர் அலியின் நெட் சென்டரில் ஒரு மணி நேரம். அப்புறம்தான் நெரவி பஸ். ஆறு மாதத்தில் நாலாயிரத்து ஐந்நூறு பாயிண்ட் சேர்த்துவிட்டார். நெட் சென்டருக்குக் கொடுத்த காசில் இரண்டு மிக்ஸி வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

ஆடி பிறந்த மறுநாள் அந்த மெயில் வந்தது.

"பாய்! ஒரே கணிப்புக்கு ஐந்நூறு பாயிண்ட்டாம்!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! விடாதீங்க சார்," என்றார் கவுன்ட்டரில் இருந்த மன்சூர் அலி.

'திருமணச் செலவு – சிறப்புக் கணிப்பு. கடைசித் தேதி ஆகஸ்ட் 14' என்றது திரை. முதல் கேள்வி: வீட்டில் இருபத்துமூன்று வயதுக்கு மேல் திருமணமாகாத மகனோ மகளோ உண்டா? உண்டு. சுகிர்தாவுக்கு இருபத்துநாலு. இரண்டாவது கேள்வி: பன்னிரண்டு மாதத்துக்குள் திருமணம் நடத்தத் திட்டம் உள்ளதா?

சுவாமிநாதனின் கை நின்றது. திட்டம் என்று ஒன்றும் இல்லை. பங்கஜவல்லி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'பார்க்கலாம்' என்பது திட்டம் ஆகாது. பதில்களைச் சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு புது ஃபைலை எடுத்து, மேலே 'சுகிர்தா – திருமணம் – தொடர்பாக' என்று எழுதினார்.

பங்கஜவல்லி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாச்சும் தோணுச்சே!"

மறுநாள் மனசாட்சிக்குக் குறைவில்லாமல் 'ஆம்' போட்டார். மூன்றாவது பக்கம், ஜாதகம் தயாரா என்றது. திருநள்ளாற்று ஜோசியரிடம் போய் மூன்று பிரதி எழுதி வாங்கிவந்து அதற்கும் 'ஆம்' போட்டார். நாலாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

'இதுவரை எத்தனை குடும்பத்தார் பெண் பார்க்க வந்தார்கள், அல்லது எத்தனை வீட்டுக்கு நீங்கள் பெண் பார்க்கப் போனீர்கள்? குறைந்தது ஒன்று தேவை. குடும்பத் தலைவரின் பெயர், தொலைபேசி எண் தரவும். எங்கள் பிரதிநிதி பேசிச் சரிபார்ப்பார்.'

விஷயம் தெரிந்ததும் வீட்டில் புயல் அடித்தது.

"ஆடி மாசத்துல எவன் பொண்ணு பாக்க வருவான்?" என்றாள் பங்கஜவல்லி. பிறகுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. "அப்ப அந்த ஃபைலு... மிக்ஸிக்காகப் பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"மிக்ஸிக்காக இல்ல. திட்டம் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன்ல. எழுதினத இப்ப பொய்யாக்க முடியுமா?"

"யாருகிட்ட எழுதிக் குடுத்தீங்க? மூஞ்சி தெரியாதவன்கிட்ட!"

"மூஞ்சி தெரியாதவன்கிட்டன்னா பொய் சொல்லலாமா?"

சுகிர்தா குனிந்த தலை நிமிராமல் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த சுவாமிநாதனுக்கு நெஞ்சு வலித்தது. பெண்ணின் வாழ்க்கையை ஒரு பெட்டிக்குள் டிக் அடித்துவிட்டோமே என்று முதல் முறையாகப் பயம் வந்தது. மேலே போனால் பெண் பாவம். பின்னால் வந்தால் வாழ்நாளில் முதல் பொய். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பூனைதான் சாப்பிட்டது.

மறுநாள் நெட் சென்டரில் அதே நாலாவது பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னா பாய் இது? பொண்ணு பாக்கப் போனீங்களான்னு கேக்கறான்! ஆடியில எவன் வீட்டுக்குப் போறது?"

அந்தக் குரலைக் கேட்டதும் சுவாமிநாதனுக்கு வேர்த்தது. முத்தையன்.

புதுச்சேரி அரசு வேலையில் இருக்கும் காரைக்கால்காரர்களுக்கு ஏனாம் என்ற பெயரைக் கேட்டாலே பயம். இதே அரசுக்குச் சொந்தமான ஊர்தான். ஆனால் ஆந்திராவுக்குள், கோதாவரிக் கரையில் கிடக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் முத்தையனை அங்கே மாற்றினார்கள். 'கடுமையான முதுகுவலி, நெடும்பயணம் ஆகாது' என்று அவர் மனு போட்டார். அதிகாரி பக்கத்து மேஜைக்காரரான சுவாமிநாதனைக் கூப்பிட்டு, "இவருக்கு முதுகுவலியா?" என்று கேட்டார். சுவாமிநாதன் உள்ளதைச் சொன்னார்: "நேத்துகூட ஆபீஸ் மாமரத்துல ஏறி மாங்கா பறிச்சாருங்க. எனக்கும் ரெண்டு குடுத்தாரு."

முத்தையன் மூன்று வருஷம் ஏனாமில் இருந்தார். திரும்பி வந்து, வேறு ஆபீசில் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். இன்றுவரை சுவாமிநாதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மகன் ஜெயபிரகாஷ் இன்டர்நெட் பழக்கிவிட்டதில், ஒரு டேபிள் ஃபேனுக்காக அவரும் பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மன்சூர் அலி எழுந்து வந்து இரண்டு திரையையும் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நிக்கிறீங்க. அவங்க வீட்டுல பையன், உங்க வீட்டுல பொண்ணு. ஒரு எட்டு வந்துட்டுப் போனா ரெண்டு பேருக்கும் ஐந்நூறு," என்றார்.

"அந்த ஆளு வீட்டுக்கா?" என்றார் முத்தையன், தடுப்புப் பலகையைப் பார்த்து.

"ஃபேன் வேணாமான்னு கேளுங்க பாய்," என்றார் சுவாமிநாதன், அதே பலகையைப் பார்த்து.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்தையனின் நாற்காலி கிறீச்சிட்டது.

"சரி. வந்து காபி குடிச்சுட்டுப் போயிடறோம்னு சொல்லுங்க."

"அது ஆவாது பாய். சும்மா வந்துட்டுப் போறது பொண்ணு பாக்கிறது இல்ல. அமைஞ்சா முடிக்கிறதுங்கற எண்ணத்தோட வரணும். இல்லன்னா நான் பேரு எழுத மாட்டேன்."

"இந்த ஆளு இன்னும் திருந்தலியா?" என்றார் முத்தையன். ஆனால் தலையை ஆட்டினார் என்று மன்சூர் அலி தெரிவித்தார்.

ஆடிப்பெருக்கு அன்று எதைத் தொடங்கினாலும் நல்லது என்று ஊரே ஒப்புக்கொண்டிருப்பதால், அந்த நாளைக் குறித்தார்கள். பங்கஜவல்லி புளிசாதமும் தேங்காய்சாதமும் கிளறினாள். யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஏனாம் முத்தையனா? நம்மளக் கண்டா வீதிக்கு அந்தாண்ட ஒதுங்கிப் போற மனுஷன், நம்ம வீட்டுக்குப் பொண்ணு பாக்க வராரா?"

முத்தையனும் மனைவி கல்யாணசுந்தரியும் மகன் ஜெயபிரகாஷோடு வந்தார்கள். ஜெயபிரகாஷ் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆசிரியர். இருபத்தேழு வயது. மாதம் முடிந்தும் வீட்டை விட்டுப் போகாத பூனை, போய் அவன் மடியில் உட்கார்ந்துகொண்டது. அவன் கடைசிவரை அதைத் தவிர யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுகிர்தா காபி கொண்டுவந்து வைத்தாள். முத்தையன் சுவரோடும் சுவாமிநாதன் கூரையோடும் பேசிக்கொண்டார்கள். பெண்கள் இருவரும் கிளறின சாதத்தைப் பற்றிப் பேசிப் பேசிச் சிநேகமாகிவிட்டார்கள்.

"பொண்ணு லட்சணமா இருக்குங்க," என்றாள் கல்யாணசுந்தரி.

"தம்பியும் அடக்கமான பிள்ளையா இருக்கு," என்றாள் பங்கஜவல்லி.

விஷயம் கைமீறிப் போகிறது என்று சுவாமிநாதனுக்குத் தெரிந்தது. ஆனால் நாலாவது பக்கத்துக்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் அதைப் போட்டார். ஐந்தாவது பக்கம் திறந்தது.

'சம்பந்திகளுக்கிடையே உறவு எப்படி? மிக நன்று / நன்று / பரவாயில்லை / மோசம் / பேச்சே இல்லை.'

"கல்யாணச் செலவுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து முத்தையன்.

"சம்பந்திங்க சண்டை போட்டா ரெண்டு பந்தல் போடணும், ரெண்டு சமையல் வைக்கணும். செலவு கூடும்ல சார்?" என்றார் மன்சூர் அலி.

முத்தையன் 'நன்று' போடப் போனார். சுவாமிநாதன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

"போடாதீங்க முத்தையன். நம்ம ரெண்டு பேரு பதிலும் ஒண்ணா இருக்கணும். நான் உள்ளதத்தான் போடுவேன்."

பதினொரு வருஷத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. முத்தையனுக்கு மூக்கு விடைத்தது.

"உள்ளதா? மாங்காவத் தின்னுட்டுத்தானே அன்னிக்கு உள்ளதச் சொன்னீங்க? எம் பையன் பத்தாவது பரீட்சை எழுதறப்ப நான் அவன் பக்கத்துல இல்ல. அது தெரியுமா உங்களுக்கு?"

சுவாமிநாதன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்ல எனக்கு வராது முத்தையன். ஆனா தெரியாதுன்னு வாய மூடிக்கிட்டு நின்னிருக்கலாம். அப்ப அது தோணல. பதினோரு வருஷமாத் தோணிக்கிட்டே இருக்கு."

முத்தையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"அங்க கோதாவரி மீனு மட்டும் நல்லா இருந்துச்சு," என்றார் கடைசியில்.

"அப்ப 'பரவாயில்லை'ன்னு போடலாமா?"

"'நன்று'ன்னே போடுங்களேன்."

"இன்னும் நன்று ஆவலையே!"

அதற்காக இருவரும் ஒரு வாரம் தினமும் பக்கத்துக் கடையில் சேர்ந்து டீ குடித்தார்கள். நாலாம் நாளிலிருந்து டீ முடிந்த பிறகும் பேசிக்கொண்டு நின்றார்கள். ஏழாம் நாள் சுவாமிநாதன் மனப்பூர்வமாக 'நன்று' போட்டார்.

கடைசிப் பக்கத்தில் இரண்டே கேள்வி. நிச்சயதார்த்தத் தேதி என்ன? அதற்கு முன், 'மகன் அல்லது மகளிடம் தனியாக அமர்ந்து, அவர் விருப்பத்தைக் கேட்டீர்களா?'

சுவாமிநாதன் கேட்டதில்லை. படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார், வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இதைக் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார்.

"பாப்பா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். வேணாம்னா வேணாம்னு சொல்லு. எழுதினதெல்லாம் போனாப் போவுது. 'பொய் எழுதிட்டேன், மன்னிக்கவும்'னு கம்பெனிக்கு லெட்டர் போட்டுடறேன். எனக்கு மிக்ஸியும் வேணாம், பேரும் வேணாம். நீதான் முக்கியம்."

சுகிர்தா கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அந்தப் பையனப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்குப்பா," என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சுவாமிநாதனும் அழுதார். பூனை பக்கத்தில் நின்றதால் இடையிடையே தும்மவும் செய்தார்.

ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். ஆகஸ்ட் பதினான்காம் தேதி இரண்டு அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கடைசிப் பொத்தானை அழுத்தினார்கள். 'நன்றி. ஆறு வாரத்துக்குள் பாயிண்ட் வரவு வைக்கப்படும்' என்று வந்தது. முத்தையன் சுவாமிநாதனுக்குக் கை கொடுத்தார்.

ஆறு வாரம் ஆயிற்று. பாயிண்ட் வரவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. நிச்சயம் முடிந்து, ஐப்பசியில் கல்யாணம் என்று பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது. பங்கஜவல்லி இன்னும் அம்மியில்தான் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கப்பா," என்றாள் சுகிர்தா.

"எப்படிம்மா விடறது? நாம ஒரு வார்த்தை பொய் சொல்லல. அவன் மட்டும் ஏமாத்தலாமா?" என்றார் சுவாமிநாதன்.

"விடக் கூடாது சம்பந்தி," என்றார் முத்தையன்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் இருவரும் மன்சூர் அலியின் கடைக்கு வந்தார்கள். முதலில் தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகை வைத்துக் கொடுத்தார்கள். அடுத்து, பத்துப் பக்கத்தில் ஒரு புகார் மனு. ஜாதக நகல், டீக்கடைக்காரரின் சாட்சிக் கடிதம், ஆடிப்பெருக்கன்று எடுத்த போட்டோ எல்லாம் இணைப்பு. நுகர்வோர் கோர்ட்டுக்கு.

"உங்களுக்கு ஒரு நகல் குடுக்கணும்ல. முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க," என்றார் சுவாமிநாதன் சங்கடத்தோடு.

மன்சூர் அலி வாங்கிப் படித்தார். 'முதல் எதிரி: பெயர் தெரியாத கணிப்புக் கம்பெனி. இரண்டாம் எதிரி: மன்சூர் அலி, நெட் சென்டர் உரிமையாளர்.' அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது வேணாம் சார்."

"பயப்படாதீங்க பாய். கோர்ட்டுல உள்ளதச் சொன்னாப் போதும், உங்கள விட்டுடுவாங்க. முதல் எதிரியத்தான் விடப் போறதில்ல. சம்மன் அனுப்பி இந்த ஊருக்கே வரவழைக்கிறோம்."

மன்சூர் அலி மனுவை ஒரு முறை பார்த்தார், பத்திரிகையை ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"சம்மன் உங்க ரெண்டு பேரு வீட்டுக்கும்தான் சார் வரும், கேள்வி எழுதினது உங்க பொண்ணு, கம்ப்யூட்டர்ல ஏத்துனது அவங்க பையன், வேற மாப்பிள்ளை எவனும் வந்துடக் கூடாதுன்னுதான் ஆடி மாசமாப் பாத்து உலகத்துலயே உங்க ரெண்டு பேருக்கு மட்டும் அனுப்புனாங்க!"